இடமற்ற நிலமும் எடையுள்ள உடலும்: அம்புலிமாமா ஓவியர் சங்கரின் கதைப்படக் கலை

ஆய்வுச் சுருக்கம்

'சங்கர்' என அறியப்பட்ட கே.சி. சிவசங்கரன் (1924–2020) ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அம்புலிமாமா இதழுக்குக் கதைப்படங்கள் வரைந்தவர். பொதுநினைவில் அவர், வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமன் என்னும் ஒரே படத்தின் ஓவியராகச் சுருங்கிவிட்டார். ஒரே படம் பல மொழிப் பதிப்புகளுக்கும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையே அவரது கலையை வடிவமைத்தது என இக்கட்டுரை வாதிடுகிறது. அந்நிபந்தனை அவர் படங்களை எந்த ஊருக்கும் எந்தக் காலத்திற்கும் உரியவையல்லாத ஒரு பொதுநிலத்தில் நிறுத்தியது. ஓவியப் பள்ளியில் பெற்ற உடல்வரைவுப் பயிற்சி அப்பொதுநிலத்தை நம்பத்தக்கதாக்கியது. இவ்விரண்டின் பயனும் இழப்பும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறார் இதழ், கதைப்படம், அம்புலிமாமா, வேதாளக் கதைகள், சென்னை ஓவியப் பள்ளி

முன்னுரை

தமிழ்ச் சிறார் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் எழுத்தாளர்களின் வரலாறுகளாகவே எழுதப்பட்டுள்ளன. இதழின் பெயர், தொடங்கிய ஆண்டு, ஆசிரியர், அதில் எழுதியோர் என்ற வரிசையில் செய்திகள் தொகுக்கப்படுகின்றன. படம் வரைந்தவர் ஓரிரு சொற்களில் கடந்து செல்லப்படுகிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்துக் குழந்தை முதலில் 'படிப்பது' படத்தையே. கதையின் உலகம் எத்தகையது, அரசன் எப்படி நிற்பான், காடு எவ்வளவு இருண்டது, அஞ்ச வேண்டியவர் யார் என்பனவற்றைப் படம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆகவே ஒரு சிறார் இதழின் கருத்துலகை மதிப்பிட அதன் சொற்களை மட்டும் ஆராய்வது போதாது.

சங்கர் 2020 செப்டம்பரில் மறைந்தபோது வந்த நினைவுக் குறிப்புகள் பெரும்பாலும் விக்கிரமன்–வேதாளம் படத்தையே முன்னிறுத்தின. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது மறைவிற்குப் பின் அறிவிக்கப்பட்டபோதும் அதே படமே நினைவுகூரப்பட்டது. இந்த நினைவு அன்பானது; ஆனால் திறனாய்வுக்குப் போதுமானதன்று. ஒரு படம் ஏன் இத்தனை ஆண்டுகள் நிலைத்தது, அது எந்தச் சூழலில் உருவானது, அச்சூழல் எவற்றை வரைய இடந்தந்தது, எவற்றுக்கு இடந்தரவில்லை என்ற வினாக்கள் எஞ்சுகின்றன. இக்கட்டுரை அவற்றை எடுத்துக்கொள்கிறது.

1. கல்வியும் பணியும்

கொங்குநாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1924இல் பிறந்த சிவசங்கரன், சிறுவயதிலேயே குடும்பத்துடன் சென்னைக்கு வந்தார். பள்ளியில் அவரது வரைதிறனைக் கண்ட ஓவிய ஆசிரியரின் ஊக்கத்தால், 1941இல் சென்னை அரசினர் கலை மற்றும் கைவினைப் பள்ளியில் சேர்ந்தார். 1850இல் தொடங்கப்பட்ட அப்பள்ளிக்கு அப்போது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே.

அச்சிலையில் பாறையைப் பெயர்க்கும் மனிதர்களின் முதுகும் தோளும் காலும் ஒரே விசையில் இழுபடுவதைக் காண்கிறோம். உழைப்பு என்ற கருத்து அங்கே முகபாவனையால் உணர்த்தப்படுவதைவிடத் தசையின் இறுக்கத்தால் உணர்த்தப்படுகிறது. சங்கர் பயின்ற காலத்துப் பள்ளியின் அடிப்படை இது: மனித உடலை உற்று நோக்கி வரைதல், எடை எங்கே விழுகிறது என்று அறிதல், ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்று முடிவுசெய்தல். பிற்காலத்தில் அவர் வரைந்த அரசரும் அரக்கரும் நம்பத்தக்கவராக இருப்பதற்குக் காரணம் இந்த அடிப்படையே.

1946இல் படிப்பை முடித்த அவர் கலைமகள் இதழில் பணியாற்றினார். 1950களின் தொடக்கத்தில் சந்தமாமா நிறுவனத்தில் சேர்ந்து, இதழ் நின்றுபோகும் வரை அதனோடு இருந்தார். அதன்பின் முதுமையிலும் ஸ்ரீ ராமகிருஷ்ண விஜயம் இதழுக்குப் படங்கள் வரைந்தார். வேலை மாறியதாலோ பாணி மாறியதாலோ உண்டாகும் திருப்பங்கள் இவ்வாழ்வில் மிகக் குறைவு. ஒரே அலுவலகம், ஒரே இதழ், மாதந்தோறும் முடித்துத் தர வேண்டிய பக்கங்கள் என்பதே அதன் அமைப்பு. ஓவியர்களின் வாழ்வை முறிவுகளாலும் கலகங்களாலும் அளந்து பழகிய கலைவரலாற்றுக்கு இத்தகைய வாழ்வில் சொல்ல ஒன்றுமில்லை எனத் தோன்றலாம். ஆனால் மாதாந்தரத் தொடர்ச்சியே இவருடைய கலையின் பொருள்.

2. பன்மொழி இதழ் என்னும் நிபந்தனை

சக்கரபாணியும் பி. நாகிரெட்டியும் 1947 ஜூலையில் தொடங்கிய இதழ், தெலுங்கில் சந்தமாமா என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் வெளிவந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம், குஜராத்தி, ஆங்கிலம், ஒடியா எனப் பதிப்புகள் பெருகின. 1952 முதல் 1980இல் மறையும் வரை தெலுங்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவ் இதழின் உரைநடையைச் சீராக்கும் ஆசிரியப் பணியைச் செய்தார். சென்னை வடபழனியில், சொந்த அச்சகத்தில் இதழ் உருவாயிற்று.

எல்லா மொழிப் பதிப்புகளிலும் படங்கள் பொதுவானவை. இந்த எளிய அச்சுச் செய்தியிலிருந்து ஓவியருக்குச் சில கட்டாயங்கள் பிறக்கின்றன. படத்துக்குள் எழுத்து இருக்கக் கூடாது. கடைப்பலகையோ ஓலையில் எழுதிய வரியோ ஒரு மொழிக்குரியதாகிவிடும். ஒரு மொழியில் மட்டுமே விளங்கும் சிலேடையைப் படமாக்க இயலாது. ஒரு வட்டாரத்தின் உடுப்பையும் அணியையும் அப்படியே வரைந்தால் பிற வட்டாரத்துக் குழந்தைக்கு அது அயலாகிவிடும். ஒடியாவில் படிப்பவரும் மலையாளத்தில் படிப்பவரும் தம் ஊருக்கு அப்பால், ஆனால் மிகத் தொலைவில் அல்லாமல், நிகழ்ந்ததாகக் கருதக்கூடிய ஓர் உலகத்தை ஓவியர் படைக்க வேண்டியிருந்தது.

அவ்வுலகின் கூறுகளை அம்புலிமாமா வாசகர் எளிதில் அடையாளம் காண்பர். செதுக்கு வேலைப்பாடு கொண்ட தூண்கள், திரைச்சீலை தொங்கும் மண்டபம், முடியணிந்த மீசைக்கார அரசன், தலைப்பாகை கட்டிய வணிகன், கூரைவீடும் கிணறும் உள்ள சிற்றூர், ஊருக்கு வெளியே அடர்ந்த காடு. இவற்றில் கோயிற் சிற்பத்தின் சாயலும், ரவிவர்மாவின் அச்சுப்படங்கள் பரப்பிய புராண ஒப்பனையும், சமகாலத் திரைப்பட அரங்கமைப்பின் நிழலும் கலந்துள்ளன. இதழை நடத்திய அதே இருவரே பாதாள பைரவி (1951), மாயா பஜார் (1957) ஆகிய படங்களையும் தயாரித்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஒரே காலத்தில் ஒரே நகரில், ஒரே தயாரிப்பாளர்களின் கீழ், 'பழங்கதை உலகம்' ஒன்று திரையிலும் தாளிலும் கட்டப்பட்டது.

இதழில் சங்கர் தனித்து இயங்கவில்லை. எம்.டி.வி. ஆசார்யா, வபா எனக் கையொப்பமிட்ட வட்டாதி பாப்பையா, சித்ரா எனப்பட்ட டி.வி. ராகவன் ஆகியோர் அதன் தோற்றத்தை வகுத்தோர். இவர்களுள் சித்ராவை ஒப்பிடுவது பயன்தரும். மாயத்தீவுகளும் விந்தை விலங்குகளும் நிறைந்த தொடர்கதைகளில் சித்ராவின் கோடு தடையின்றிக் கற்பனையில் ஓடுகிறது. இதிகாசங்களிலும் வேதாளக் கதைகளிலும் சங்கரின் கோடு உடற்கூற்றின் எல்லைக்குள் நின்று அழுத்தம் பெறுகிறது. சித்ரா இல்லாத ஒன்றைக் காணச் செய்கிறார். சங்கர், இருந்திருக்கக்கூடிய ஒன்றைக் கண்டது போல வரைகிறார்.

3. வேதாளக் கதைகளின் முகப்புப் படம்

வேதாளக் கதைகளுக்கு நீண்ட மரபு உண்டு. 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் 25 வேதாளக் கதைகள் உள்ளன. அதில் பிணம் சுமக்கும் அரசன் பெயர் திரிவிக்கிரமசேனன்; பின்வந்த மரபுகளே அவனை விக்கிரமாதித்தனாக்கின. மூலத்தில் அரசனின் நடை ஒரு முடிவை அடைகிறது. கடைசிக் கதையின் புதிருக்கு விடை தெரியாமல் அவன் மௌனமாக நடக்கிறான். மகிழ்ந்த வேதாளம் அரசனை அனுப்பிய துறவியின் வஞ்சத்தை வெளிப்படுத்துகிறது.

அம்புலிமாமா அந்த முடிவைத் தள்ளிவைத்துக்கொண்டே சென்றது. 25 கதைகள் தீர்ந்த பின்னும், வேறு கதைகள் வேதாளத்தின் வாயில் வைக்கப்பட்டு இறுதியில் ஒரு வினா சேர்க்கப்பட்டது. மூலத்தில் ஒரு சட்டகமாக இருந்தது, இதழில் முடிவற்ற தொடருக்கான எந்திரமாயிற்று. அரசன் ஒவ்வொரு மாதமும் மரத்திலிருந்து உடலை இறக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் மௌனம் கலைய வேண்டும்.

முகப்புப் படத்தின் அமைப்பை இப்பின்னணியில் காண வேண்டும். சுடுகாட்டு இருள், எலும்புகள் சிதறிய தரை, கையில் உருவிய வாளுடன் அரசன், தோளில் தொங்கும் உடல். ஓவியர் தேர்ந்துகொண்ட கணம் கவனிக்கத்தக்கது. மரத்தில் ஏறுவதும், உடலை இறக்குவதும், வேதாளம் பறந்து மீள்வதும் நிகழ்ச்சிகள். அவை நாடகத் தன்மை மிக்கவை. நடையோ நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட வெற்று நேரம். ஆனால் அந்த வெற்று நேரத்தில்தான் கதை சொல்லப்படுகிறது. ஆகவே அப்படம் கதைக்குள் நிகழும் எதையும் காட்டாமல், கதை சொல்லப்படும் நேரத்தையே காட்டுகிறது. இனி வரும் கதை எதுவாயினும் இந்த நடையின்போதுதான் சொல்லப்படும் என்பதைப் படிக்கத் தெரியாத குழந்தையும் அறிந்துகொள்கிறது. அதே அமைப்பு மாதந்தோறும் திரும்பி வந்தும் பழசாகாமல் இருந்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

இரண்டாவது காரணம் எடை. சுமப்பவனின் உடல், சுமையை ஏற்றுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. சுமை மேலே கிடக்க, அடி முன்னே வைக்கப்படுகிறது. வாளேந்திய கை, தாக்குதலுக்கு ஆயத்தமாக இருப்பதோடு தோளின் பாரத்துக்கு எதிர்நிறையாகவும் அமைகிறது. பேய் என்பது நம்ப முடியாதது. பிணத்தின் பாரம் நம்பத்தக்கது. நம்பத்தக்கதை முதலில் உறுதிசெய்துவிட்டால் நம்ப முடியாதது பின்தொடரும் என்பதை ஓவியர் அறிந்திருந்தார். சுடுகாடு எந்த ஊரினது என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தோள் எவ்வளவு வலிக்கும் என்பதைப் பார்ப்பவர் உணர்கிறார்.

4. பார்வையின் திசை

சங்கரின் படங்களை 'நாட்காட்டிப் பாணி' என ஒதுக்கிவிடும் போக்கு உண்டு. கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976) முதலானோர் வளர்த்த நாட்காட்டி ஓவியத்துக்கும் இவர் படங்களுக்கும் ஒப்பனையில் உறவுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அடிப்படை வேறுபாடு ஒன்றுள்ளது. நாட்காட்டித் தெய்வம் பார்ப்பவரை நேரே நோக்குகிறது. அதன் பயன் தரிசனம். கதைப்பட மாந்தர் பெரும்பாலும் ஒருவரையொருவர் நோக்குகின்றனர். பார்ப்பவர் அங்கு இருப்பதை அவர்கள் அறியார். இராமனும் கண்ணனும்கூட இதிகாசத் தொடர்களில் வணங்கப்படுபவராக நிற்காமல், யாரிடமோ பேசுபவராகவும் எதையோ செய்பவராகவும் நிற்கின்றனர்.

பார்வையின் திசை மாறும்போது குழந்தையின் இடமும் மாறுகிறது. அது வணங்குபவரின் இடத்திலிருந்து சாட்சியின் இடத்துக்கு நகர்கிறது. அவையின் ஓரத்தில் நின்று அரசனும் அமைச்சனும் பேசுவதைக் கேட்பதுபோல, அது படத்துக்குள் நுழைகிறது. வேதாளக் கதையின் முடிவில் எழும் வினா, நிகழ்ந்ததைக் கண்டு தீர்ப்புச் சொல்ல வல்லவரிடமே கேட்கப்படுகிறது. அந்த வினாவுக்கு வாசகரை ஆயத்தப்படுத்துவதில் படத்துக்கும் பங்குண்டு.

1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதையோடு ஒப்பிடும்போது மற்றொரு கூறு விளங்கும். அங்கே படங்களின் வரிசையே கதையை நகர்த்துகிறது. பேச்சு குமிழிகளுக்குள் அடங்குகிறது. அம்புலிமாமாவில் உரைநடை கதையை நகர்த்த, படம் ஒரு கணத்தை நிறுத்திக் காட்டுகிறது. பத்தியைப் படித்து நிமிரும் கண், படத்தில் சற்றுத் தங்கி, சொல்லப்படாத விவரங்களைத் தேடுகிறது. தூணின் மறைவில் நிற்கும் பணியாள், வாயிற்படியில் படுத்திருக்கும் நாய் போன்ற சிறு விவரங்களுக்கு இத்தகைய பக்கத்தில்தான் இடமுண்டு. அமர் சித்திரக் கதை குறித்து நந்தினி சந்திரா, கார்லின் மெக்லேன் போன்றோர் நூலளவில் ஆய்ந்துள்ளனர். அதனினும் இருபதாண்டு மூத்த அம்புலிமாமாவின் படங்களும் அத்தகைய கவனத்துக்கு உரியன.

5. பொதுநிலத்தின் விலை

இதுவரை கூறியவை சங்கரின் வெற்றிகள். அவ்வெற்றிகளுக்கு வழிவகுத்த நிபந்தனையே இழப்புகளுக்கும் வழிவகுத்தது.

முதலாவது, காலம் தட்டையாதல். சாதகக் கதை, இதிகாசம், வேதாளக் கதை, நாட்டார் கதை ஆகிய அனைத்தும் ஏறத்தாழ ஒரே அரண்மனையில், ஒரே உடுப்பில் நிகழ்கின்றன. வெவ்வேறு நூற்றாண்டுகளிலும் வெவ்வேறு சமயச் சூழல்களிலும் தோன்றிய கதைகள், 'முன்னொரு காலம்' என்னும் ஒரே காலத்துள் அடங்கிவிடுகின்றன. பழைய இந்தியா எங்கும் ஒன்றுபோலவே இருந்தது என்ற எண்ணம், சொல்லப்படாமலேயே குழந்தையின் கண்ணில் பதிகிறது.

சமகாலத் தமிழ் இதழோவியத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கல்கியின் பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த படங்கள் சோழநாடு என்ற குறிப்பிட்ட நிலத்தையும் காலத்தையும் கண்முன் கொணர முயன்றவை. சங்கர் பயின்ற அதே பள்ளியில் பயின்ற சில்பி, ஆனந்த விகடனில் வரைந்த கோயிற்படங்கள் ஒவ்வொன்றும் ஓர் ஊருக்கே உரியவை. அந்தத் தூண் அந்த மண்டபத்தில் மட்டுமே உள்ளது. சங்கரிடம் இத்தகைய தனித்தூண் இல்லை. திறன் குறைவு இதற்குக் காரணமன்று. சில்பியின் வாசகர் தமிழர். சங்கரின் வாசகர் எம்மொழியினரும் ஆகலாம்.

இரண்டாவது, மனித வகைமைகள் இறுகிப்போதல். நாயகர் வெளிர்நிறமும் சீரான முகமும் உடையவர். அரக்கர் கருமையும் கோரைப்பல்லும் பெருவயிறும் உடையவர். அரசியர் ஒரே இளமைத் தோற்றத்தினர். இவ்வகைமைகளைச் சங்கர் உருவாக்கவில்லை. புராண மேடை, அச்சுப்படம், திரைப்படம் ஆகியவற்றிலிருந்து அவர் அவற்றைப் பெற்றார். ஆனால் மாதந்தோறும், பல மொழிகளில், நம்பத்தக்க உடற்கூற்றோடு அவை திரும்ப வந்தபோது மரபு இயற்கைபோலத் தோன்றலாயிற்று. முன்பு பாராட்டப்பட்ட எடையும் உறுதியும் இங்கே எதிராகவும் செயல்படுகின்றன. ஒரு பொம்மலாட்ட அரக்கன் கருநிறத்தவனாக இருப்பது ஒப்பனை என்று குழந்தைக்குத் தெரியும். உயிருள்ள மனிதனைப்போல் வரையப்பட்ட அரக்கனின் நிறம், தீமையின் இயல்பான நிறமாகப் பதியக்கூடும். சங்கரைக் கொண்டாடும் எழுத்து இவ்வினாவைத் தவிர்க்கக் கூடாது.

இந்த இழப்புகளை அவ்வுலகின் ஓரங்கள் ஓரளவு ஈடுசெய்கின்றன. அரசவையின் ஒப்பனை இறுகியிருக்க, விறகுவெட்டி, கிழவி, கடன்பட்ட குடியானவன், திருடன் போன்றோர் வரும் சிறுகதைகளில் முகங்கள் தளர்கின்றன. வளைந்த முதுகும் ஒட்டிய கன்னமும் ஓவியருக்குச் சுதந்திரம் அளிக்கின்றன. உடலை நோக்கி வரையும் பயிற்சி அரசர்களைவிட எளியோரிடமே முழுமையாகப் பயன்பட்டது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு.

6. கலைவரலாற்றில் இடம்

சங்கர் மாணவராகச் சேர்ந்த 1941இல் அதே பள்ளியில் ஆசிரியப்பணி ஏற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். பின்னர் முதல்வராகி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக வழிகாட்டிய அவர், 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையை வரைந்தார். அதில் எழுத்துகள் படிப்பதற்கன்றி வடிவங்களாகவே தாளை நிறைத்தன. அதே ஆண்டுகளில் அதே நகரில், எந்த எழுத்தும் அருகில் வந்து அமரலாம் என்பதற்காகவே எழுத்தற்ற படங்களைச் சங்கர் வரைந்துகொண்டிருந்தார். எழுத்துக்கும் படத்துக்கும் உள்ள உறவு என்ற ஒரே சிக்கலுக்கு இவை இருவேறு விடைகள். முதல் விடை இந்திய நவீன ஓவிய வரலாற்றில் இடம்பெற்றது, இரண்டாவது இடம்பெறவில்லை.

இதழோவியம் முற்றிலும் புறக்கணிக்கப்பட்டது என்றும் சொல்ல இயலாது. கி. ராஜநாராயணனின் கரிசல்காட்டுக் கடுதாசிக்கு கே.எம். ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்கள் உரிய மதிப்பைப் பெற்றன. கண்காட்சி அரங்கிலிருந்து இதழுக்கு வந்த ஓவியரை நாம் ஓவியராகவே ஏற்றோம். இதழிலேயே வாழ்ந்தவரைப் பணியாளராகக் கண்டோம். இவ்வேறுபாடு படத்தின் தரத்தைச் சார்ந்ததா, படம் தொங்கிய இடத்தைச் சார்ந்ததா என்று கேட்க வேண்டியுள்ளது. அம்புலிமாமா 1990களின் இறுதியில் சிறிது காலம் நின்று மீண்டது. 2007இல் மும்பையைச் சார்ந்த ஜியோடெசிக் நிறுவனத்திடம் சென்றது. அடுத்த சில ஆண்டுகளில் நின்றுபோனது. தொங்கவிடச் சுவர் பெறாத படங்களுக்கு இதழே சுவர். அது இல்லாதபோது பழைய இதழ்த் தொகுதிகளே சான்றாகின்றன.

முடிவுரை

சங்கரின் கலையைத் தனிப்படத்தால் அளப்பது பொருந்தாது. அது தொடரால் அளக்கப்பட வேண்டியது. பல மொழிக் குழந்தைகளுக்கும் பொதுவான நிலம் ஒன்றை அமைக்க அவர் ஊரையும் காலத்தையும் துறந்தார். அந்நிலத்தில் நடப்பவருக்கு உண்மையான உடலைத் தந்தார். துறந்ததால் ஒருபடித்தான பழமையும், இறுகிய மனித வகைமைகளும் பரவின. தந்ததால், விடை சொல்லிவிட்டு மீண்டும் மரத்தை நோக்கி நடக்கும் ஓர் அரசன் தலைமுறைகள் கடந்தும் சோர்வின்றி நடக்கிறான்.

இம்மதிப்பீடு மேலும் துலங்க மூன்று பணிகள் வேண்டும். ஒரே மாதத்து அம்புலிமாமாவின் வெவ்வேறு மொழிப் பதிப்புகளை அருகருகே வைத்து, படத்துக்கும் உரைக்கும் உள்ள பொருத்தத்தை ஒப்பிட வேண்டும். சித்ரா, சங்கர், வபா ஆகியோரின் படங்களைக் கையொப்பத்தின் துணையால் ஆண்டுவாரியாகப் பிரித்து அட்டவணைப்படுத்த வேண்டும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற சேகரங்களில் சிறார் இதழ்களும் நூல்களும் பதிவாகும்போது ஆசிரியர் பெயருக்கு அடுத்து ஓவியர் பெயரும் இடம்பெற வேண்டும். மூன்றாவது பணி மிக எளியது. முதலிரண்டையும் சாத்தியமாக்குவது அதுவே.